முள்ளுப்பெட்டி

உலகச் சண்டை முடிந்த மறு வருடம், மாதா வணக்க மாதமான மே மாதத்தில், சாந்தோம் கோயிலுக்குப் பின்புறத் தெருவில் இரண்டே பேச்சுதான். ஒன்று, ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலாக அளந்த புழுத்த கோதுமை. இன்னொன்று, பவுல்சாமி வீட்டு முள்ளுப்பெட்டி. கோதுமையை ஆசை தீரத் திட்டி முடித்து மூச்சு வாங்குகிற நேரத்தில் யாராவது பெட்டிப் பேச்சை எடுப்பார்கள். "ஊமைப் பொண்ணு வாயத் தொறந்தா முள்ளு ஏறுதாமே!" என்பார்கள். சாயங்காலச் செபமாலை முடிந்ததோ இல்லையோ, நாலைந்து பேர் அந்த வீட்டு ஜன்னலில் வந்து நின்றுவிடுவார்கள். நம் ஜனங்களுக்கு அடுத்த வீட்டுத் துக்கமென்றாலும் சரி, அதிசயமென்றாலும் சரி, எட்டிப் பார்த்தால்தான் ராச்சாப்பாடு இறங்கும்.

பவுல்சாமியின் மனைவி ஆலிஸுக்கு அவர்கள் வந்து நிற்பதுகூடப் பெரிதில்லை. அந்த 'ஊமை' என்ற சொல்லைத்தான் அவளால் பொறுக்க முடியாது. அவள் மகள் மர்சலின் ஊமையாகப் பிறந்தவள் இல்லை. நாலு வயதில் பரலோக மந்திரத்தையும் பிரியதத்த மந்திரத்தையும் ஒரே மூச்சில் ஒப்பித்துப் பங்குச் சாமியார் கையால் மாதா படம் வாங்கிய பிள்ளை. தெருவில் போகிற பால்காரனை நிறுத்தி அவன் பேரைக் கேட்பாள். அதோடு விடாமல் மாட்டின் பேரையும் கேட்பாள். அப்புறம்தான் மூளைக் காய்ச்சல் வந்தது. பெரியாஸ்பத்திரியில் போட்டுத் தேற்றிக் கூட்டி வந்தபோது பிள்ளை இருந்தாள், காது இல்லை. காதோடு பேச்சும் ஒரேயடியாகப் போயிருந்தால் ஒரு நாள் அழுகையோடு முடிந்திருக்கும். அது ஒவ்வொரு சொல்லாகக் கழன்றது. முதலில் பாட்டு போயிற்று. பிறகு பேர்கள் போயின. கடைசியாக 'அம்மா' தேய்ந்து தேய்ந்து வெறும் உதட்டசைவாக நின்றது. உதடு சரியாகத்தான் கூடிப் பிரியும், சத்தம் மட்டும் வராது. தன் குரல் வெளியே வரவில்லை என்பதே அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.

பவுல்சாமி ரேடியோ மெக்கானிக். பாண்டி பஜாரில் தனபாலன் முதலாளியின் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு முன்னறை மேசையிலும் யாருடைய செட்டாவது வயிற்றைத் திறந்துகொண்டு கிடக்கும். ரேடியோ மெக்கானிக்குகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. வாயடைத்துப்போன செட்டின் முதுகைத் திறந்து, வால்வின் தலையில் இருக்கிற சின்ன உலோகக் குமிழை விரல் நுனியால் தொடுவார்கள். அந்த இடத்திலிருந்து வழி சரியாக இருந்தால் ஸ்பீக்கர் 'போர்ர்' என்று உறுமும். வீட்டு ஒயர்களில் ஓடுகிற கரண்டின் இரைச்சலை மனித உடம்பு வாங்கி விரல் வழியாக உள்ளே விடுகிறது, அவ்வளவுதான் சங்கதி. உறுமியதும் பவுல்சாமியின் முகம் மலர்ந்துவிடும். "உயிரு கீது" என்பான்.

மர்சலின் நடக்கத் தொடங்கிய காலத்திலேயே அவன் மடியில் உட்கார்ந்து "நானு, நானு" என்று விரலை நீட்டுவாள். அவன் அந்த விரலைப் பிடித்துக் குமிழில் வைப்பான். செட்டு உறுமும். பிள்ளை குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கும். காய்ச்சலுக்குப் பிறகு ஒருநாள் அவள் தானாகவே போய்த் தொட்டாள். செட்டு உறுமியது. அவள் செட்டைப் பார்க்கவில்லை, அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவனால் சிரிக்க முடியவில்லை. எழுந்து வெளியே போய்விட்டான். அதற்கப்புறம் அவள் அந்தப் பக்கம் விரலை நீட்டவில்லை.

பெரியாஸ்பத்திரி டாக்டர், காது திரும்பாது என்று சொல்லிவிட்டார். தொண்டையில் ஒரு கோளாறும் இல்லையாம். கேட்காததால் பிள்ளை பேச மறந்துவிட்டாளாம். கன்னியர் மடத்துக்காரர்கள் செவிடு ஊமைப் பிள்ளைகளுக்கென்று பள்ளிக்கூடம் வைத்திருக்கிறார்கள், சேர்த்துவிடுங்கள் என்றார். ஆலிஸ் போய்ப் பார்த்துவிட்டும் வந்தாள். அங்கே ஒரு கன்னியம்மாள் சின்னப் பிள்ளையின் கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு 'பா, பா' என்று சொல்லிக்கொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்தாள். முற்றத்தில் பிள்ளைகள் விரல்களாலேயே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏழு வயதுக்குள் வந்துவிட்டால் நல்லது, ஜூனில் ஒரு இடம் வைத்திருக்கிறேன், ஆனால் பிள்ளை இங்கேயே தங்க வேண்டும் என்று மடத்துத் தலைவியான மதர் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது பவுல்சாமி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கோதுமையை உடைத்துச் சோறு மாதிரி வேகவைத்து, நெத்திலிக் குழம்பு ஊற்றியிருந்தாள்.

"பேசுற புள்ளையப் போய் ஊமைங்களோட உடச் சொல்றியா?" என்றான்.

"எங்கங்க பேசுறா?"

"ஒதடு ஆடுதா இல்லியா? ஒதடு ஆடுனா உள்ள கொரலு கீதுன்னு அர்த்தம். நமக்குக் கேக்குற அளவுக்கு இல்ல, அவ்ளோதான். எத்தினி செட்டு பாத்துக்கீறேன். ஊமையா கெடக்கும். உள்ள பாட்டு ஓடிக்கினே இருக்கும்."

"நம்ம புள்ள ரேடியோ இல்லீங்க."

அவன் கை கழுவப் போனான். அடுத்த வாரம் மூர் மார்க்கெட்டில் அப்துல் வஹீத் பாய் கடைக்குப் போய், பட்டாளத்துக்காரர்கள் விட்டுப்போன சாமான்களைக் கிளறி, விமானம் ஓட்டுகிறவர்கள் கழுத்தில் கட்டிக்கொள்கிற மைக் ஒன்றை எடுத்து வந்தான். தோல் வாரில் இரண்டு வில்லைகள்; தொண்டையின் இரண்டு பக்கமும் அழுந்தி உட்காரும். வெளிச்சத்தத்தை வாங்காமல் தொண்டை அதிர்வை மட்டும் வாங்கும். உள்ளே அதிர்வைக் கரண்டாக மாற்றுகிற கரித்தூள் செத்துப்போயிருந்தது. அதைச் சுரண்டி எறிந்துவிட்டு, கிராமபோன் பிக்கப்பிலிருந்து அதே வேலையைச் செய்கிற கிறிஸ்டல் துண்டை எடுத்து வைத்தான். பிறகுதான் அந்த அதிர்வை ஒரு முள்ளின் அசைவாகக் காட்டுகிற பெட்டியைக் கட்ட ஆரம்பித்தான். சித்திரை வெயில். உடம்பிலிருந்து வேர்வை சொட்டச் சொட்ட, ஈயம் உருகுகிற புகையில் உட்கார்ந்திருப்பான். மூன்று மணிக்குக் கடற்காற்று வந்து ஜன்னல் கதவை அடிக்கும்போதுதான் நிமிர்ந்து பார்ப்பான்.

ஆலிஸ் காப்பி கொண்டுபோய் வைத்தாள். "கடையிலதான் மீட்டரு இருக்குதே. அதை வச்சிப் பாக்கக் கூடாதா?"

"அது வேலைக்கு ஆவாது. தோ, இந்தக் காப்பி கீது. சூடா கீதா, ஆறிப்பூடுச்சான்னு பாக்கணும். அதுக்குப் போயி ஜில்லுன்னு கீற இரும்புக் கரண்டிய உள்ள உட்டா இன்னா ஆவும்?"

"காப்பி ஆறிப் போவும்."

"அக்காங்! கரண்டியே சூட்டக் குடிச்சிடும். அப்பால நீ பாக்குறது காப்பியோட சூடு இல்ல. சாதா மீட்டரும் அப்படித்தான். முள்ளத் தள்றதுக்கே அதுக்குக் கரண்டு ஓணும், வர்றதுலருந்து குடிக்கும். பாப்பா தொண்டையிலருந்து வரப்போறது எத்தினி? ஒரு துளி. அத்தையும் மீட்டரு குடிச்சிட்டா?"

"இது குடிக்காதா?"

"சொட்டு கூடக் குடிக்காது. இங்க பாரு." திருப்புளியின் முனையால் காட்டினான். வேலையைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவன் முகத்தில் பழைய களை வரும். அதற்காகவே ஆலிஸ் கேட்டுக்கொண்டிருந்தாள். "வாசல்ல மொதல்ல இந்தக் கண்டென்சரு. அசையாம நிக்கிற கரண்ட உள்ள உடாது, துடிக்கிறத மட்டும் உடும். கொரலுன்னா துடிப்புதானே? அப்பால இந்த ரெசிஸ்டன்ஸு, ஒரு கோடி ஓம்ஸு. வந்த துளி ஓடிப்பூடாம நிக்கிறதுக்கு. அத்த தாண்டுனா வால்வு. அதும் உள்ள கிரிட்டுன்னு ஒரு கம்பிச் சுருளு. அது ஒண்ணும் வாங்கிக்காது. வந்தது இன்னான்னு பாக்கும், பாத்துட்டு மெயின் கரண்ட வெச்சி முள்ளத் தள்ளும். கத்துனா முள்ளு ஒடைஞ்சிடக் கூடாதுன்னு இந்தப் படிச் சுவிட்சு. கத்துறதுக்கு ஒரு படி, முணுமுணுக்கிறதுக்கு ஒரு படி."

"பாப்பாவுக்கு ஷாக்கு கீக்கு அடிச்சிடப் போவுது."

"கண்டென்சரு எதுக்கு கீது? உள்ளாற கீறது வெளிய வராது. இதுல ஒரே ஒரு தொல்ல. வாசல இம்மாம் அகலமாத் தொறந்து வெச்சா கண்ட கண்டதும் நொழையும். ஒயருல ஓடற கரண்டோட இரைச்சலு கூட வந்துடும். அதுக்குத்தான் ஒயரு மேல இந்த வலைச் சட்ட. ஒயரு வந்து சேர்ற திருகுக்கும் தகரத்துல ஒரு மூடி போட்டுட்டேன். ஒண்ணும் நொழையாது."

பெட்டியின் பக்கவாட்டில் ஒரு பித்தளைத் திருகு. அதன்மேல் தொப்பி மாதிரி, பழைய டப்பாவில் வெட்டிய தகர மூடி. நேர்த்தியான வேலைதான். ஆனால் வீட்டில் இரும்பு என்று எதை வைத்தாலும் கடல் தேடி வந்து தின்றுவிடும் ஊர் இது. சில நாட்களிலேயே மூடி துருவேறிச் செதில் செதிலாக உதிர்ந்தது. வேறு செய்துகொள்ளலாம் என்று பவுல்சாமி அதைக் கழற்றிப் போட்டான். பிறகு அதைப் பற்றி நினைக்க அவனுக்கு நேரமில்லாமல் போயிற்று.

பெட்டி தயாரான முதல் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து வாரைத் தன் கழுத்தில் கட்டிக்கொண்டு "அம்மா" என்றான். முள் ஏறியது. ஆலிஸைக் கட்டிக்கொண்டு சொல்லச் சொன்னான். ஏறியது. பிறகு மர்சலினை ஸ்டூலில் உட்கார வைத்துக் கட்டினான். முள்ளைக் காட்டினான், தன் உதட்டைக் காட்டினான், அவள் உதட்டைக் காட்டினான். பிள்ளை கெட்டிக்காரி, புரிந்துகொண்டாள். உதட்டைக் குவித்துப் பிரித்தாள். முள் அசையவில்லை. மறுபடி. அசையவில்லை. தினமும் சாயங்காலம் சைக்கிளை வேகமாக மிதித்துக்கொண்டு வந்து, முகம்கூடக் கழுவாமல் அவளை உட்கார வைத்தான். பிள்ளை சலிக்காமல் உதட்டை அசைத்தாள். முள் கிடந்த இடத்திலேயே கிடந்தது. ஒருநாள் பவுல்சாமி மேசைமேல் தலையைக் கவிழ்த்துவிட்டான். ஆலிஸ் மாதா சுரூபத்துக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். கணவனுடைய தோள் குலுங்குவது தெரிந்தும் போய்த் தொடத் துணியாமல் நின்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் போட்ட கூச்சலில் அவள் கையிலிருந்த தீப்பெட்டி விழுந்தது.

"ஆலிஸ்! ஏறுது! முள்ளு ஏறுது! தேவமாதாவே, எம்புள்ள பேசுது!"

ஓடிவந்து பார்த்தாள். மர்சலினின் உதடு 'அம்மா' என்று கூடிப் பிரிந்தது. முள் நடுக்கோட்டைத் தாண்டி ஏறி நின்றது. பவுல்சாமி பிள்ளையைத் தூக்கிச் சுற்றினான். மர்சலின் வாய் நிறையச் சிரித்தாள். காய்ச்சலுக்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்ததை ஆலிஸ் அன்றைக்குத்தான் பார்த்தாள். முழங்காலில் விழுந்து மாதாவுக்கு நன்றி சொன்னாள். தெருவே கூடியது அதற்கு மறுநாள்.

"கொரலு கீது, பெலந்தான் இல்ல," என்று பவுல்சாமி வந்தவர்களுக்கெல்லாம் சொன்னான். "தன் கொரல அதால கேக்க முடியாது, ஆனா பாக்க முடியும் இல்ல? முள்ளப் பாத்துப் பாத்தே பேச வெச்சிடுவேன். ஊமை ஸ்கூலாவது ஒண்ணாவது!"

மே மாதம் ஓடியது. ஜூன் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆலிஸ் அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்து சங்கரா மீனைச் செதில் தேய்த்துக்கொண்டிருந்தாள். முன்னறையில் அப்பாவும் மகளும். பவுல்சாமி பெட்டிக்கு அந்தப் பக்கம். அவன் கண் மகளின் உதட்டுக்கும் முள்ளுக்கும் போய்வந்து கொண்டிருந்தது. ஆலிஸ் இருந்த இடத்திலிருந்து மகளின் முதுகும் பெட்டியின் பக்கவாட்டும்தான் தெரிந்தன. மர்சலினின் இடது கை பெட்டியோரம் சாதாரணமாகக் கிடந்தது. பவுல்சாமி விரலால் சைகை காட்டியதும் அந்தக் கையிலிருந்து ஆள்காட்டி விரல் மட்டும் நீண்டு பித்தளைத் திருகைத் தொட்டது. "சபாஷ், ஏறுது!" என்றான் பவுல்சாமி. விரல் பழைய இடத்துக்குத் திரும்பியது. "எறங்கிடுச்சு. இன்னொரு தரம் கண்ணு." விரல் நீண்டது. "சபாஷ்!"

ஆலிஸின் கையில் மீன் அப்படியே நின்றது.

மறுநாள் அவன் வேலைக்குப் போனதும் பெட்டியின் சுவிட்சைப் போட்டாள். வால்வு சிவக்கும் வரை அவன் செய்கிற மாதிரியே காத்திருந்தாள். கழுத்து வாரை ஆணியில் மாட்டிவிட்டு, வாயை இறுக மூடிக்கொண்டு, திருகைத் தொட்டாள். முள் துள்ளி ஏறியது. விரலை எடுத்தாள். விழுந்தது. யாருடைய தொண்டையும் அங்கே வேண்டியிருக்கவில்லை. ஒரு மனித விரல் போதுமாயிருந்தது.

நிமிர்ந்து பார்த்தால் மர்சலின் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். அம்மாவுக்கும் இந்த விளையாட்டு தெரிந்துவிட்டதே என்று அவள் முகத்தில் ஒரே சந்தோஷம். ஓடி வந்து தானும் திருகைத் தொட்டாள். முள்ளை அவள் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தைத்தான் பார்த்தாள். ஆலிஸ் சிரிக்க முயன்றாள். முகம் கோணிக்கொண்டு போயிற்று. பிள்ளை விரலை எடுத்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் முத்தம்மா கூடையோடு வந்து சேர்ந்தாள். பட்டினப்பாக்கத்துக் குப்பத்திலிருந்து தினமும் மீன் கொண்டு வருகிறவள். கடன் சொல்லியும் கொடுப்பாள், கதை சொல்லியும் கொடுப்பாள்.

"இன்னா ஆலிசம்மா, மொகம் பேயறைஞ்ச கணக்கா கீது? காரப்பொடி மீனு நல்லா கீது, இப்பத்தான் வலையிலருந்து எடுத்தது. வாங்கிக்கோ, கொயம்பு வெச்சா வூட்டுக்காரரு ரெண்டு வாய் கூடத் துன்னுவாரு."

ஆலிஸுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். முத்தம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுக் குந்திக்கொண்டாள்.

"ஏம்மா, கொயந்த ஏமாத்துதுன்னு நெனக்கிறியா?"

"ஏமாத்துறது இல்ல முத்தம்மா. அவளுக்குப் பேச்சுன்னா என்னான்னே மறந்துபோச்சு. இதைத் தொட்டா அப்பா சிரிக்கிறாரு, அவளுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். அவரு தலையக் கவுத்துக்கிட்டு அழுதாரே, அன்னைக்குத்தான் மொதல்ல தொட்டிருக்கா."

"அய்யோ, எங்கம்மா!" முத்தம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அத்த உன் வூட்டுக்காரராண்ட சொல்லலியா?"

"எப்பிடிச் சொல்றது? சொன்னா அந்த மனுசன் ஒடைஞ்சிடுவாரு. சொல்லலன்னா ஜூன் போயிடும். மடத்துல எடம் போனா அப்புறம் எம்புள்ளைக்குக் கையாலயும் பேசத் தெரியாது, வாயாலயும் பேசத் தெரியாது."

"எங்க மச்சாண்டாரு கடலுக்குப் பூட்டு வரல, தெரியுமில்ல? அவரு தண்ணில முயிகிறத ஒருத்தன் கண்ணால பாத்துட்டான். அவரு பொண்டாட்டி, எங்க ஓரகத்திகிட்ட சொல்ல மனசு வரல. கோவளத்துல பாத்தாங்களாம், பழவேற்காட்டுல பாத்தாங்களாம்னு ஊரே அவளுக்குக் கதை சொல்லிக்கினு இருந்துச்சு. அவளும் தெனம் ஒரு புடி சோறு எடுத்து வெச்சிக்கினு குந்திக்கினு இருந்தா. கடசீல உண்ம தெரிஞ்சப்ப அவ செத்தவன நெனச்சி அழுவல. 'எல்லாருக்கும் தெரிஞ்சி நா மட்டும் சோறு வெச்சிக்கினு இருந்தேனே'ன்னு அதுக்குத்தான் அழுதா." முத்தம்மா எழுந்து கூடையைத் தலைக்கு ஏற்றினாள். "நீ வாயால சொல்லாத. ஆம்பளைங்க நம்ப மாட்டாங்க, ஒன்னத்தான் கோச்சிக்குவாங்க. அவுரு கண்ணால பாக்கட்டும். பாக்கும்போது பக்கத்துல குந்திக்கினு இரு."

மாதத்தின் கடைசி ஞாயிறு. கடற்காற்று அன்றைக்குச் சீக்கிரமாகவே வந்துவிட்டது. பவுல்சாமி வாரைக் கட்டும்போது ஆலிஸ் ஸ்டூலில் தான் உட்கார்ந்து, மகளை மடியில் வைத்துக்கொண்டு, அவளுடைய இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் பொத்திக்கொண்டாள்.

"இன்னா, புள்ளையப் புடிச்சிக்கினு கீறே?"

"மடியில வச்சிக்கணும்னு தோணுச்சு."

அவன் சைகை காட்டினான். மர்சலின் உதடு கூடிப் பிரிந்தது. முள் அசையவில்லை. மறுபடி காட்டினான். ஆலிஸின் கைக்குள் சின்ன விரல்கள் நெளிந்தன. பிள்ளை அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள், கையை உருவப் பார்த்தாள். ஆலிஸ் விடவில்லை. தன் வாழ்நாளில் செய்த எந்தப் பாவத்தைவிடவும் அது பெரிதாக அவளுக்குப் பட்டது.

"இன்னா ஆச்சு இதுக்கு?" பவுல்சாமி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். வால்வு சிவந்துதான் இருந்தது. படிச் சுவிட்சைத் திருகிப் பார்த்தான். கண்டென்சரைத் திருப்புளிப் பிடியால் தட்டிப் பார்த்தான். "சூட்டுல கிறிஸ்டலு பூடுச்சா? வாசல்லயே கோளாறா?" என்று முணுமுணுத்துக்கொண்டே, ஆயிரம் செட்டுகளில் செய்த மாதிரி, யோசிக்காமல் பித்தளைத் திருகில் விரலை வைத்தான். முள் துள்ளி ஏறியது.

"உயிரு கீதே..." என்றவன் நிறுத்திக்கொண்டான்.

அப்பா தொட்டதைப் பார்த்த மர்சலினுக்குத் தலைகால் புரியவில்லை. ஆலிஸ் கையை விட்டுவிட்டாள். பிள்ளை பாய்ந்து அப்பாவின் விரலைத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் தன் விரலை வைத்தாள். உதடு 'அம்மா' என்றது. முள் இத்தனை நாளும் ஏறிய அதே இடத்துக்கு ஏறி நின்றது. அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

பவுல்சாமி முள்ளைப் பார்த்தான், விரலைப் பார்த்தான், பிறகு மனைவியைப் பார்த்தான்.

"ஒனக்குத் தெரியுமா?"

ஆலிஸ் ஆமென்று தலையை ஆட்டினாள்.

பிள்ளை விரலை எடுக்காமல் அப்பாவின் முகத்தைப் பார்த்தபடியே காத்திருந்தாள். அவள் புருவம் மெல்லச் சுருங்க ஆரம்பித்தது. பவுல்சாமி அதைப் பார்த்துவிட்டான். உடனே வாயைத் திறந்து, பல் அத்தனையும் தெரிய, சிரித்தான். அவள் விரலை எடுத்து மறுபடி வைத்தாள். மறுபடி சிரித்தான். கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக இறங்கித் தாடையில் சொட்டியது. அவன் துடைக்கவில்லை, சிரிப்பையும் விடவில்லை. ஆலிஸ் அடுப்பங்கரைக்குள் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். சத்தம் போட்டு அழுதாலும் மகளுக்குக் கேட்காது என்பது பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது.

விளக்கு வைத்த பிறகு அவன் அடுப்பங்கரை வாசலில் வந்து உட்கார்ந்தான். குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"நான் தெனம் தொடறேன் ஆலிஸ். இதே வெரலால. தொட்டா ஏறும்னு எனக்குத் தெரியாதா? அந்தத் திருகு தொறந்து கெடந்ததும் தெரியும். நான்தானே மூடியக் கயட்டிப் போட்டேன். எப்பிடி அத்த மறந்தேன்?"

"நீங்க அவ ஒதட்டையே பாத்துக்கிட்டு இருந்தீங்க."

"எத்தினி பேருகிட்ட சொன்னேன், எம்புள்ள பேசுதுன்னு." அடுப்பில் விறகை உள்ளே தள்ளிவிட்டான். "அது கண்டுபுடிச்சது மொகத்த ஆலிஸ். என் மொகம் எப்ப தெளியுதுன்னு அது கண்டுபுடிச்சிக்கினு கீது. நான் தொண்டையத் தேடிக்கினு இருந்தேன்." பிறகு எழுந்தான். "மடத்துல என்னிக்கு வரச் சொன்னாங்க?"

ஆலிஸ் சொன்னாள்.

மதர் சொன்ன நாளில், முத்தம்மா எடுத்துக் கொடுத்த ரிப்பனைக் கட்டிக்கொண்டு மர்சலின் கைரிக்ஷாவில் மடத்துக்குப் போனாள். பவுல்சாமி ஈஸ்டருக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தான். பித்தளைப் பொத்தான் வைத்த சட்டை. முற்றத்தில் பிள்ளைகள் விரல்களால் பேசிக்கொண்டிருந்ததை மர்சலின் கண் கொட்டாமல் பார்த்தாள். அங்கேயே தங்கப்போவது அவளுக்கு எப்படித் தெரியும், அதைச் சொல்ல யாருக்கு என்ன பாஷை இருந்தது? மதர் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஆலிஸ் முத்தம் கொடுத்துவிட்டு விலகி நின்றாள். பவுல்சாமி மகளுக்கு முன்னால் முழங்காலிட்டு, எவ்வளவோ அடக்கிப் பார்த்தும் முடியாமல், குழந்தை மாதிரி உதடு பிதுங்க அழுதான். கேட்டைச் சாத்த வந்த ஆள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

மர்சலின் அவனைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தாள். மதரின் கையிலிருந்து தன் கையை உருவிக்கொண்டாள். ஆள்காட்டி விரலை நீட்டி அவன் மார்பில் இருந்த பித்தளைப் பொத்தானைத் தொட்டாள். உதட்டை 'அம்மா' என்று குவித்துப் பிரித்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தாள்.

பவுல்சாமி சிரித்தான். அவள் விரலை எடுக்கிற வரைக்கும் சிரித்துக்கொண்டே இருந்தான்.